விழுந்தவருக்கும் களரியில் இடமுண்டு



எங்கள் களுதாவளையில் பனிக்கட்டியை நாங்கள் இரண்டு வகையாக மட்டுமே அறிவோம். ஒன்று, கடற்கரையில் மீன் பெட்டிகளுக்குள் நொறுக்கிப் போடும் ஐஸ். மற்றையது, பிள்ளையார் கோயில் திருவிழாவிலே மணியடித்து வரும் ஐஸ்பழம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, நடுவே வெற்றிலைத் தோட்டமும் வெங்காயப் பாத்தியும் வெண்மணலுமாக விரிந்து கிடக்கும் இந்த எழுவான்கரைக் கிராமத்திலிருந்து ஒரு தமிழாசிரியன், பனிக்கட்டியின் மேல் நின்று ஆடும் ஓர் ஆட்டத்தின் வரலாற்றைப் பேச வருவது உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆயினும் சில மாதங்களாக இவ்விடயம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

கனடாவில் வாழும் என் மைத்துனர் சென்ற விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். அவருடைய மகள் அங்கு பனித்தளத்தில் சறுக்கி ஆடப் பழகுகிறாள். கைத்தொலைபேசியில் அதன் ஒளிப்பதிவைக் காட்டினார். பிள்ளை நான்கடி சறுக்குவாள், விழுவாள், எழுவாள், மறுபடியும் விழுவாள். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “இதென்ன மச்சான், விழுந்துகொண்டே இருக்கிறாள்?” என்றேன். அவர் சிரித்தார். “முதல்ல விழத்தான் பழக்குறாங்க மச்சான். எப்படி விழுறது, விழுந்தா எப்படி எழும்புறது. அது சரியா வந்த பிறகுதான் மற்றதெல்லாம்” என்றார்.

அந்தச் சொல் என்னை என் சிறுபிராயத்துக்கு இழுத்துச் சென்றது. படுவான்கரையில் உறவினர் ஊரொன்றிலே விடிய விடிய நடந்த வடமோடிக் கூத்து. வட்டக்களரியில் புதிதாகக் கூத்துக்குச் சேர்ந்த ஓர் இளைஞன், தன் வரவுத் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவன், கால் இடறி விழுந்துவிட்டான். சனம் கொல்லென்று சிரித்தது. அண்ணாவியார் சிரிக்கவுமில்லை, மத்தளத்தை நிறுத்தவுமில்லை. அதே தாளக்கட்டை மறுபடியும் மறுபடியும் சுற்றி வாசித்துக்கொண்டே நின்றார். பிற்பாட்டுக்காரரும் அவன் பாட்டின் இறுதியடியைத் திரும்பத் திரும்பப் பாடினர். அவன் எழுந்து, சதங்கையைச் சரிசெய்து, சுற்றி வரும் தாளத்தின் தலைப்பில் மீண்டும் காலெடுத்து வைத்தான். விடியும்போது அவன் விழுந்ததை எவரும் பேசவில்லை. அவன் ஆடியதையே பேசினர்.

வீழ்ந்தவர் எழுந்து வென்ற கதைகளைக் கேட்கும்போது நாம் எழுந்தவரை மட்டுமே பாராட்டுகிறோம். அவர் எழும்பும் வரையில் தாளத்தை விடாது வாசித்தவர் யார் என்று கேட்பதில்லை. இன்று உங்களோடு சில வெற்றிகளின் வரலாற்றைப் பகிரும்போது இந்தக் கேள்வியையும் கையில் வைத்துக்கொள்வோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். பிகர் ஸ்கேட்டிங் என அழைக்கப்படும் இப்பனிச்சறுக்கு நடனத்தில் ஆட்டக்காரர் கூரிய உலோக அலகு பூட்டிய சப்பாத்தணிந்து, இசைக்கேற்பச் சறுக்கியும் சுழன்றும் தாவியும் ஆடுவர். ஆடவர், மகளிர், சோடி எனப் பிரிவுகள் உண்டு. தொடக்ககாலத்தில் பனித்தளத்தின்மீது வட்டம், எட்டு முதலான வடிவங்களைச் சப்பாத்தின் அலகால் பிசகின்றி வரைந்து காட்டுவதே போட்டியின் பெரும்பகுதியாயிருந்தது. நம் முற்றத்துக் கோலத்தைப் போன்றதொரு கலை. ஆட்டத்தின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. அவ்வரைதல் 1990 இன் பின்னர் உலகப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. ஓட்டப் போட்டியிலே கடிகாரம் வெற்றியைச் சொல்லிவிடும். இங்கோ நடுவர்கள் புள்ளியிட வேண்டும். ஆகவே பெயரற்றவருக்கும் எளியவருக்கும் வெற்றி இரட்டிப்புக் கடினம்.

முதல் எளியவர் ஒரு பெண். உலகப் போட்டி 1896 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் தொடங்கியபோது அது ஆடவருக்கானது என்றே யாவரும் எண்ணினர். விதிகளில் அவ்வாறு எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 1902 இல் இலண்டனில் நடைபெற்ற போட்டிக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த மேஜ் சையர்ஸ் என்ற பெண்மணி விண்ணப்பித்தார். மறுக்க விதி இருக்கவில்லை. ஆடவரோடு ஆடி இரண்டாமிடம் பெற்றார். அதன் பிறகே பெண்களுக்குத் தடை வந்தது! எனினும் திறந்த வாயிலை நீண்டகாலம் மூடி வைக்க முடியவில்லை. 1906 இல் மகளிருக்கென உலகப் போட்டி ஏற்படுத்தப்பட்டது. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் பிரிவின் முதற் தங்கமும் அவருக்கே கிடைத்தது.

இனி, நான் மிகவும் வியந்த ஒரு மேடைக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டு மாசி மாதம், இத்தாலியின் டூரின் நகரில் குளிர்கால ஒலிம்பிக். சோடிகளுக்கான போட்டி முடிந்து பதக்கம் பெற மூன்று சோடிகள் மேடையேறின. மூன்று சோடிகளுமே வீழ்ச்சியிலிருந்து வந்தவை.

தங்கம் வென்ற ரஷ்யச் சோடி தத்தியானா தொத்மியானினாவும் மக்சிம் மரீனினும். 2004 ஐப்பசியில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் நடந்த போட்டியொன்றில், தலைக்கு மேலே அவரைத் தூக்கிச் சென்ற மரீனின் நிலை தடுமாறினார். அத்தனை உயரத்திலிருந்து பனித்தளத்தில் தலை அடிபட விழுந்த தொத்மியானினா நினைவிழந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். விழுந்தவர் விரைவிலேயே பயிற்சிக்குத் திரும்ப ஆயத்தமானார். மீண்டும் தூக்குவதற்கு அஞ்சியவர் தூக்கியவரே. அந்த அச்சத்தைக் கடக்க மரீனினுக்கு உளவியல் உதவி தேவைப்பட்டது. தன்னை விழுத்திய கைகளை நம்பி அப்பெண் மறுபடியும் ஏறினார். அடுத்த ஆண்டே இருவரும் உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டனர். அதற்கடுத்த ஆண்டு ஒலிம்பிக் தங்கம்.

வெள்ளி பெற்றவர்கள் சீனத்தின் சாங் டான், சாங் ஹாவோ. அன்றைய ஆட்டத்தின் தொடக்கத்தில் அவர்கள் முயன்றது, ஒலிம்பிக்கில் எவரும் அதுவரை செய்து முடித்திராத தாவல். பெண்ணை ஆண் வீசி எறிவார்; அவர் காற்றில் நான்கு முறை சுழன்று இறங்க வேண்டும். இருபது வயதுச் சாங் டான் இறங்கும்போது கால்கள் பிளந்து விழுந்து தளத்தின் ஓரம்வரை சறுக்கிச் சென்றார். முழங்கால் அடிபட்டது. எழுந்து நிற்கவே துணை வேண்டியிருந்தது. இசை நிறுத்தப்பட்டது. சில நிமிடங்கள் கழிந்தன. ஆட்டம் முடிந்ததென்றே பார்த்திருந்தோர் எண்ணினர். அப்போது இருவரும் தளத்தின் நடுவுக்குத் திரும்பினர். காயமுற்றவர் மீண்டு வர இந்த ஆட்டத்தின் விதியில் இடமுண்டு. விட்ட இடத்திலிருந்து இசை மறுபடி ஒலித்தது. மீதி ஆட்டம் முழுவதையும், கடினமான தாவல்கள் உட்பட, அவர்கள் ஆடி முடித்தனர். அதை வாசித்தபோது, ‘அங்கேயும் ஓர் அண்ணாவியார் இருக்கிறார்’ என்று எண்ணிக்கொண்டேன்.

வெண்கலம் பெற்றவர்கள் சீனத்தின் ஷென் ஷுவே, ஷாவோ ஹொங்போ. 2005 ஆவணியில் ஷாவோவின் குதிகால் நரம்பு அறுந்திருந்தது. தாவுவதே தொழிலான ஒருவருக்கு அது கால் ஒடிவதிலும் கொடியது. ஆறே மாதத்தில் அவர் ஒலிம்பிக் தளத்தில் நின்றார். 2007 இல் இருவரும் போட்டிகளிலிருந்து ஒதுங்கித் திருமணம் புரிந்துகொண்டனர். கதை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் 2010 இல் கனடாவின் வன்கூவரில் மீண்டும் வந்தனர். அப்போது ஷென்னுக்கு 31 வயது, ஷாவோவுக்கு 36. 1964 முதல் 2006 வரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் சோடிப் பிரிவின் தங்கம் சோவியத் நாட்டிடமோ அதன் வழிவந்தவர்களிடமோதான் இருந்தது. 2002 இல் மட்டும் கனடாவோடு பகிர்ந்துகொண்டனர். அந்த நீண்ட சங்கிலியைத் திருமணமான இவ்விருவரும் அறுத்தனர். பனிச்சறுக்கு நடனத்தில் சீனம் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே.

இங்கேதான் நம் கேள்விக்குரிய விடை ஒளிந்திருக்கிறது. டூரின் மேடையில் நின்ற இரு சீனச் சோடிகளுக்கும் ஆசான் ஒருவரே. அவர் பெயர் யாவோ பின். 1980 இல் ஜேர்மனியின் டோட்முண்ட் நகரில் நடைபெற்ற உலகப் போட்டிக்கு, லுவான் போ என்ற பெண்ணோடு சோடியாகச் சீனத்திலிருந்து வந்தவர் இவர். வெளியுலகின் ஆட்டத்தை நேரிற் கண்டவரல்லர். பெரும்பாலும் படங்களைப் பார்த்துத் தாமே பழகிக்கொண்டவர். அரங்கத்திலிருந்தோர் சிரித்தனர். கடைசி இடம் கிடைத்தது. 1984 ஒலிம்பிக்கிலும் கடைசி இடமே.

சிரிப்புக்கு ஆளானவர்கள் அந்தத் தளத்தை மறக்கவே விரும்புவார்கள். யாவோ பின் பயிற்சியாளரானார். ஷென்னையும் ஷாவோவையும் அவர் 1994 இல் முதன்முதலாக உலகப் போட்டிக்கு அழைத்துச் சென்றபோது அவர்களுக்குக் கிடைத்தது 21 ஆம் இடம். எட்டு ஆண்டுகளின் பின், 2002 இல், அதே சோடி உலகப் பட்டம் வென்றது. 2010 வன்கூவரில் ஷென் - ஷாவோ சோடி தங்கம் பெற்றபோது வெள்ளி பெற்ற பாங் சிங், தொங் ஜியான் சோடியும் அவருடைய மாணவர்களே. டோட்முண்ட் சிரிப்புக்கும் வன்கூவர் தங்கத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள். தான் விழுந்த இடத்தில் பிறர் எழுவதற்கென்று ஒரு மனிதர் முப்பது ஆண்டுகள் தாளம் வாசித்திருக்கிறார். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இதைவிடப் பெரிய வெற்றிக்கதை தெரியவில்லை.

1994 இல் நோர்வேயின் லில்லிஹாமர் ஒலிம்பிக்கில் வென்ற ஒக்சானா பயூல் என்ற பதினாறு வயதுச் சிறுமியின் கதையும் இத்தகையதே. உக்ரைன் நாட்டைச் சேர்ந்தவர். சோவியத் நாடு சிதறிய 1991 ஆம் ஆண்டிலேயே தாய் புற்றுநோயால் இறந்தார். தந்தையின் துணையும் இல்லை. பழக்கிய ஆசிரியரும் வெளிநாடு போய்விட்டார். ஒடெசா நகரத்துப் பயிற்சியாளர் கலீனா ஸ்மியேவ்ஸ்கயா அப்பிள்ளையைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அவருடைய மருமகனும் 1992 ஒலிம்பிக் வீரருமான விக்டர் பெத்ரென்கோ செலவுகளுக்கு உதவினார். லில்லிஹாமரில் இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் பயிற்சியின்போது இன்னொரு வீராங்கனையோடு மோதிக் காலில் தையல் போட வேண்டியதாயிற்று. அந்தக் காலோடு ஆடினார். ஒன்பது நடுவர்களில் ஐவர் அவருக்கும் நால்வர் அமெரிக்காவின் நான்சி கெரிகனுக்கும் முதலிடம் அளித்தனர். குளிர்கால ஒலிம்பிக்கில் சுதந்திர உக்ரைனுக்குக் கிடைத்த முதற் தங்கம் அது. ஒரே ஒரு நடுவரின் வேறுபாடு என்று வரலாறு எழுதும். ஒரு வீட்டின் கதவு திறந்தது என்று நாம் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

நேயர்களே, அடுத்து நான் சொல்லப்போவது நம் கரையோர மக்களுக்கு நன்கு விளங்கும். 2004 மார்கழி 26 ஐ நாம் மறக்கவில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்நாளின் பின் எமது மாவட்டத்துப் பாடசாலைகள் பல அகதி முகாம்களாயின. அப்போது நான் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த இளைஞன். முகாமொன்றில் பெயர்ப் பதிவுக்கு உதவினேன். ஒரு கிழமை கழித்து, அம்முகாமின் பின்புறத்தில் பிள்ளைகள் மணலிலே கோடு கீறிக் கிளித்தட்டு மறித்துக்கொண்டிருந்தார்கள். தாயை இழந்த பிள்ளையும் அவர்களுள் ஒருவன். அக்காட்சியின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

2011 பங்குனி 11 ஆம் நாள் யப்பானின் செண்டாய் நகரில் யுசுரு ஹன்யு என்ற பதினாறு வயது மாணவன் பனித்தளத்திலே பயிற்சியில் இருந்தான். பெருநிலநடுக்கம் வந்தது. காலிலே சறுக்குச் சப்பாத்தோடு வெளியே ஓடினான். அந்தக் கரையோரத்தைச் சுனாமி அழித்தது. அவனுடைய குடும்பம் சில நாட்கள் தற்காலிக முகாமில் தங்கியது. பனித்தளம் சேதமுற்று மூடப்பட்டது. இத்தனை பேர் இறந்திருக்க, சறுக்கி ஆடுவது தகுமா என்ற கேள்வி அவனையும் வருத்தியது. ஆடவும் தளமில்லை. அந்த ஆண்டில் யப்பானின் பல நகரங்களில் நடந்த பனிக்காட்சிகளுக்கு அவனை அழைத்தார்கள். அறுபதளவிலான காட்சிகள். ஒவ்வோர் ஊரிலும் காட்சிக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரமே அவனுக்குப் பயிற்சி. ஊர் ஊராகப் பனித்தளத்தை இரவல் வாங்கிப் பழகிய பிள்ளை அவன்!

அடுத்த ஆண்டு உலகப் போட்டியில் வெண்கலம். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம். இறுதி ஆட்டத்தில் இருமுறை விழுந்தும், சேர்த்திருந்த புள்ளிகளின் பலத்தால் வென்றார். ஆடவர் தனிப் பிரிவில் தங்கம் பெற்ற முதல் ஆசியர் அவரே. 2017 கார்த்திகையில் கணுக்கால் பழுதுபட்டு மாதக்கணக்கில் போட்டிகளில் இறங்கவில்லை. இறங்கியது நேரே 2018 ஒலிம்பிக்கில், மறுபடியும் தங்கம். அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளில் இப்பிரிவில் வெல்வது, 1948 இலும் 1952 இலும் டிக் பட்டன் வென்ற பின்னர் 66 ஆண்டுகளாக எவருக்கும் வாய்க்காதது.

இதிலே இன்னொரு செய்தியும் உண்டு. செண்டாய்ப் பனித்தளம் முன்பே, 2004 இல், பணநெருக்கடியால் மூடப்பட்டிருந்தது. அதே தளத்திலே பழகி 2006 இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஷிசுகா அரகாவா அதைத் திறக்கக் குரல் கொடுத்தார். 2007 இல் அது திறந்தது. ஹன்யு தம் நூலின் வருவாயை அத்தளத்துக்கே கொடுத்தார். தாம் நின்ற இடத்தைப் பின்வருவோருக்காகக் காப்பாற்றிக் கொடுக்கும் வழக்கம் ஒன்று அங்கே இருக்கிறது. முகாமின் பின்புறத்தில் கோடு கீறிய பிள்ளைகளை இப்போது நினைக்கிறேன். தமக்குத் தேவையான களரியை அவர்களே கீறிக்கொண்டார்கள். அதை அழியாது வைத்திருந்தோமா என்பதே எம்மிடம் கேட்கவேண்டிய கேள்வி.

பனி நாட்டை விட்டு இனி நம் நாட்டு மணலுக்கு வருவோம். உயரம் பாய்தலில் ஒவ்வொரு முறையும் விழுந்தே தீரவேண்டும். இன்று பஞ்சணை உண்டு. 1950களில் விழுவது மணலில். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவன் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் சென்றபோது அவருக்கு வயது 17. பதக்கமில்லை. 1956 மெல்பேர்ணிலும் பதக்கமில்லை. 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்தார். ஆறடி எட்டு அங்குலத்துக்குச் சற்றே குறைவு. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்நாடு பெற்ற முதற் தங்கம் அது. 1962 ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார். பின்னர் கல்வித்துறைக்குச் சென்று ஆபிரிக்க நாடுகளிலும் பணியாற்றினார். யாவோ பின்னைப் போல அவரும் ஆசானானது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

தாளத்தை நிறுத்த மறுத்த அண்ணாவியாரைக் கிரிக்கெட் மைதானத்திலும் கண்டோம். 1995 மார்கழி 26 இல் மெல்பேர்ண் மைதானத்தில் கண்டிப் பையன் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் டரல் ஹெயார் ஏழு தடவை அறிவித்தார். பல்லாயிரம் பேர் முன்னிலையில் ஓர் இளைஞனுக்கு நேரக்கூடிய வீழ்ச்சி அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. பின்னர் அவருடைய கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது என்பது ஆய்வுகூடச் சோதனைகளில் தெரியவந்தது. 1999 தையில் அடிலெய்ட் நகரில் வேறொரு நடுவர் அதே குற்றத்தைச் சொன்னபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களை மைதானத்தின் எல்லைவரை அழைத்துச் சென்றுவிட்டார். ஆட்டம் நின்றது. பேச்சுகள் நடந்தன. மீண்டும் தொடங்கியபோது முரளி பந்துவீசினார். அன்று இங்கிலாந்தை இலங்கை ஒரு விக்கெற்றால் வென்றது. 2010 ஆடி 22 இல் காலியிலே தம் இறுதி டெஸ்ட் போட்டியில் முரளி 800 ஆவது விக்கெற்றை வீழ்த்தியபோது யாவரும் அவர் விரல்களைப் புகழ்ந்தனர். எல்லைக்கோட்டில் நின்ற தலைவரையும் நான் நினைத்துக்கொண்டேன்.

எல்லா வேளையிலும் இப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. கேகாலை மாவட்டத்து ஏழைக் குடும்பத்திலே பிறந்த சுசந்திகா ஜயசிங்க, 1997 இல் ஏதென்ஸ் நகரில் உலகப் போட்டியின் 200 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். 1998 இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டிலே அவருக்குத் தடை வந்தது. பின்னர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனால் இடையில் எத்தனை வாய்கள் பேசின! நேற்றுவரை மாலையிட்ட கைகள் பின்னுக்கு மறைந்தன. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 22.28 விநாடிகளில் ஓடி மூன்றாமிடம் பெற்றார். 1948 இல் இலண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளி பெற்றதன் பின், 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. கதை அத்தோடு நிற்கவில்லை. அன்று முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் தாம் ஊக்கமருந்து பாவித்ததை 2007 இல் ஒப்புக்கொண்டார். 2009 இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாற்றப்பட்டது. ஊக்கமருந்துக் குற்றம் சாட்டப்பட்டு நின்ற பெண்ணுக்கு, இன்னொருவரின் ஊக்கமருந்துக் குற்றத்தாலேயே வெள்ளி வந்து சேர்ந்தது. காப்பியப் புலவனும் கற்பனை செய்யத் தயங்கும் திருப்பம் இது. சுசந்திகா எழுந்தார். ஆனால் தாளம் நின்றுபோன களரியில் தன்னந்தனியாக எழுந்தார். அவ்வாறு எழ முடியாது போனவர்கள் எத்தனை பேரோ, அவர்களை வரலாறு எழுதுவதில்லை.

அவ்வாறு எழுதப்படாத ஒருத்தியை நான் அறிவேன். அதைச் சொல்லாமல் இவ்வுரையை முடிப்பது நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன், நான் கற்பித்த ஒரு பாடசாலையிலிருந்து தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவியை ஆயத்தப்படுத்தினேன். வகுப்பில் அருவி போலப் பேசுவாள். போட்டி மேடையில் மூன்றாவது நிமிடத்தில் சொல் மறந்து நின்றாள். மண்டபம் முழுவதும் அமைதி. கடைசியில் கைகூப்பிவிட்டு இறங்கினாள். நான் ஏசவில்லை. ஆறுதலாக இரண்டு வார்த்தையும் சொன்னேன். அடுத்த ஆண்டு போட்டி வந்தபோது வேறொரு பிள்ளையைத் தெரிவு செய்தேன். பாடசாலைக்கு ஒரு முதலிடம் வேண்டும் என்பதே என் எண்ணம். அப்பிள்ளை மாவட்ட மட்டம்வரை சென்றாள். எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

சென்ற ஆண்டு கோயில் திருவிழாவிலே அந்தப் பழைய மாணவியைக் கண்டேன். கையில் குழந்தை. நலம் விசாரித்தோம். போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: “சேர், அடுத்த வருசமும் நான் பேச்சப் பாடமாக்கித்தான் வெச்சிருந்தன். நீங்க கேக்கல்ல.”

குற்றஞ்சாட்டும் குரல் அல்ல அது. அதனாலேயே என்னைச் சுட்டது. வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் இடுக்கணழியாமைக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். அவற்றை ஆண்டுதோறும் நான் வகுப்பிலே விளக்குகிறேன். விழுந்தவன் மனந்தளராது எழவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். அவள் என் பாடத்தின்படியே எழுந்துதான் இருந்தாள். நான் மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டிருந்தேன்.

பெற்றோரே, ஆசிரியரே, பரீட்சைப் பெறுபேறு வரும் காலங்களில் நம் வீடுகளில் நடப்பதும் இதுதான். ஒருமுறை தவறிய பிள்ளையை நாம் அடிப்பதில்லை. அடுத்த முறை கேட்காமல் விட்டுவிடுகிறோம். போராலும் கடலாலும் பலமுறை விழுத்தப்பட்ட மண் இது. இங்கே எழத் துணிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. குறைந்திருப்பது, அவர்கள் எழும்வரை தாளக்கட்டைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும் பொறுமை.

இம்முறை தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பெயர் கேட்டு நான் வகுப்புக்குப் போனபோது, சென்ற ஆண்டு மேடையில் தடுமாறிய மாணவனிடமே முதலில் கேட்டேன். அவன் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு புத்தகப் பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். பேச்சு எழுதி ஆயத்தமாக இருந்தது.